ஆடிக் காற்றில் ஒரு சின்ன பேட்டரி

மூன்று முறை எட்டுப் போட்டு, மூன்று முறையும் காலை ஊன்றியவள் நான். கடைசி முறை லைசென்ஸ் மைதானத்தில் நின்ற அதிகாரி, "உங்களுக்கு நேர்கோடு போட்டா போதும்னு சட்டம் வந்தா சொல்லி அனுப்புறேம்மா" என்றார். வரிசையில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். எல்.எல்.ஆரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தவள்தான், பிறகு அந்த மைதானத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. ராஜபாளையத்துக்குள் நான் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டார், அவருக்கு ஷிப்ட் இருந்தால் நடந்தேன். எனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று நாற்பத்து நாலு வயது வரை தோன்றியதே இல்லை.

தோன்ற வைத்தது அப்பா. பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தானே நின்று கட்டிய வீட்டில், அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். போன தை மாதம் வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு முக்கால்வாசி திரும்பி வந்தது. கையும் காலும் பாதிதான் வந்தன. காலையில் ஓர் அக்கா வந்து சமைத்து, மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டு மூன்று மணிக்குப் போய்விடுவார். பின்பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் போலீஸ்காரரும் அவர் மனைவியும், இரவில் ஒரு சத்தம் கொடுத்தால் ஓடி வந்துவிடுவார்கள். ஆள் இல்லாதது சாயங்காலத்தில் மட்டும்தான். வைகாசியில் அப்படி ஒரு சாயங்காலம், அப்பா தனியாக பாத்ரூமுக்குப் போகிறேன் என்று எழுந்து விழுந்தார். நெற்றியில் நாலு தையல்.

ஓசூரில் இன்ஜினியராக இருக்கும் அண்ணன் மறுநாளே வந்துவிட்டான். அங்கே பக்கத்தில் முதியோருக்கான ஒரு இல்லத்தை விசாரித்து வைத்திருந்தான். நல்ல இடம், நர்ஸ் உண்டு, தோட்டம் உண்டு என்று போனில் படமெல்லாம் காட்டினான். அப்பா படத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான்.

"கிறிஸ்துமஸுக்கு வருவேன். அதுக்குள்ள அவிய ஆள் தொணை இல்லாம எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வரணும். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போயிருவேன். நீ குறுக்க நிக்கக் கூடாது."

"சரிண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? தையல் போட்ட நெற்றி அந்தப் பக்கம் கட்டிலில் கிடக்கிறது.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து வாரம் இரண்டு நாள் வரும் பிசியோதெரபிப் பெண், தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் நடக்க வைத்தால் கால் கட்டாயம் திரும்பும் என்றாள். ஆனால் அவள் சொன்னால் அப்பா எழவே மாட்டார். "பட்டாளத்துல ஆயிரம் பேர நடக்க வச்சவன் நானு. ஒரு சின்னப் பிள்ள வந்து எனக்கு லெஃப்ட் ரைட் சொல்லுது" என்பார். என் கையைப் பிடித்துக்கொண்டு மட்டும் நாலு எட்டு வைப்பார். நானோ ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி அலுவலகத்தில் நாலரை மணிக்கு வேலை முடித்து, பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, கூட்டத்தில் தொங்கி, அங்கே இறங்கி மறுபடி நடந்து, அப்பா வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது மணி ஆறரை ஆகிவிடும். அதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். "நாளைக்குப் பாப்போம்ட்டி" என்பார். ஆனி முழுக்க அந்த நாளை வரவே இல்லை.

எங்கள் கம்பெனி பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி பேட்டரியில் ஓடும் சார்ஜ் வண்டி வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தாள். மெதுவாகப் போகிற சின்ன ரகம், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. அந்த ரகத்துக்கு லைசென்ஸ் கேட்பதில்லை என்றாள். நான் அவளிடம் மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன். எட்டுப் போட வேண்டாமா? வேண்டாம். ஏழு? அதுவும் வேண்டாம்க்கா என்றாள். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே பேட்டரி பிரச்சினை ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியன். மணிக்கணக்கில் கரண்ட் போன அந்தக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் எங்கள் வீட்டு மூலையில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும், வெள்ளைச் சட்டையைக் கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். முனைகளை வெந்நீர் விட்டுத் துடைத்து வாசலின் தடவுவார். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நாள் தலைவலித் தைலம் தேய்த்துவிட்டவர் இல்லை.

தென்காசி ரோட்டுக் கடையில் எங்களுக்குக் கட்டுப்படியாகிற வண்டி ஒன்றுதான் இருந்தது. அதே வண்டியில் இரண்டு விதம். ஆசிட் பேட்டரி வைத்தது எழுபது கிலோமீட்டர் ஓடும் என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். லித்தியம் வைத்ததில் மிகச் சின்ன பேட்டரிதான் எங்களுக்கு எட்டும், அது ஐம்பதுதான் ஓடும், அதற்கே விலை கூடுதல். குறைவாக ஓடுவதற்கு அதிகமாகக் கொடுப்பானேன் என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"அது மட்டும் இல்ல. தொறந்து பாக்க முடியாத பேட்டரிய நம்பி எப்படிட்டி ரோட்டுல போவ?" என்றார்.

கடைப் பெண் சிரித்துக்கொண்டே, "அண்ணே, இந்த ஆசிட்டும் சீல் போட்டதுதான். தண்ணி ஊத்த வேண்டாம்" என்றாள். அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் விடவில்லை. ஆசிட் பேட்டரி கெட்டால் நம் ஊரிலேயே பழையதைக் கொடுத்துப் புதியது மாற்றலாம், லித்தியம் கெட்டால் மதுரைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். அது உண்மை. அந்தப் பெண்ணே தலையாட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வளாகத்தில் கருத்துக் கேட்டோம். கேட்டிருக்கவே கூடாது. லித்தியம் வெடிக்கும் என்று ஒருவர் சொன்னார், அந்த வீடியோவைத் தன் போனில் தேடிக்கொண்டே நின்றார். ஆசிட் ஒரே வருடத்தில் செத்துப்போகும், இருக்கிறவரை இரும்புக் குண்டைச் சுமப்பது போல்தான் என்றார் இன்னொருவர். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், அடுத்த வருடம் விலை இறங்கும், பொறுங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த வருடம் விலை இறங்கும்போது அப்பா ஓசூரில் யார் வீட்டுத் தோட்டத்தையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வரும் வழியில், ஆசிட்டே இருக்கட்டும், சீக்கிரம் வாங்குவோம் என்று நானே சொல்லிவிட்டேன்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று கடைக்காரர்கள் ஆசிட் வண்டியைக் கொடுத்தார்கள். ஆடி மாதம் முதல் வாரம். ஹெல்மெட் வேண்டியதில்லை என்று கடைப் பெண் சொல்லியும், வீட்டுக்காரர் தன்னுடையதை என் தலையில் கவிழ்த்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். நாலரை மணிக்குக் கம்பெனியிலிருந்து கிளம்பினேன். லாரியும் பஸ்ஸும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன, நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என் பாட்டுக்குப் போனேன். வண்டி என்னமோ யாரோ பின்னால் கை வைத்துத் தள்ளிவிடுகிற மாதிரி ஓடியது. அப்பா வீட்டு வாசலில் நிறுத்தும்போது மணி ஐந்தே கால்கூட ஆகவில்லை. பேட்டரியின் நாலு கோட்டில் ஒரே ஒரு கோடுதான் குறைந்திருந்தது. அப்பா விழித்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து வாசல் வரை நாலு தடவை நடந்தோம். நடுவில் ஒரு தடவை என் கையை நானே தளர்த்திப் பார்த்தேன், அவர் உடனே இறுக்கிக்கொண்டார். ஆனாலும் நாலு தடவை நடந்தோம்.

மில்லுக்குப் போன் போட்டேன். "ஒரே ஒரு கோடுதாங்க போச்சு."

"அப்ப வரும்போது இன்னொரு கோடு போவும். பாதி மிச்சம். நான் சொன்னேன்லா" என்றார். அந்த 'சொன்னேன்லா'வை நான் இருபது வருடமாகக் கேட்டு வருகிறேன்.

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் சேலை முந்தானை தோளிலிருந்து பின்னால் பறந்தது. ஆடியில் மலைப் பக்கமிருந்து தென்மேற்காக வீசும் இந்தக் காற்றை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தகரக் கூரைக்குக் கல் வைப்போம், மாடியில் காயப்போட்ட துணிக்கு இரண்டு கிளிப் போடுவோம். ஆனால் இத்தனை வருடம் பெட்ரோல் வண்டியில் போன சனம் நாங்கள். காற்று அடித்தால் முறுக்கைக் கொஞ்சம் கூட்டுவோம், அவ்வளவுதான். காற்றையும் ஒரு செலவாக எண்ணிப் பார்த்ததே கிடையாது. அட்டையில் போட்ட எழுபதும் காற்றே இல்லாத ரோட்டுக் கணக்கு. போகும்போது அது என்னை முதுகில் தள்ளியிருக்கிறது. அந்த ஒரு கோட்டை, மின்சாரத்தோடே பிழைக்கிற மனிதர், அப்படியே இரண்டால் பெருக்கிச் சொல்லிவிட்டார். நானும் நம்பிவிட்டேன்.

மூன்று கோடு ஒன்றானது. அந்த ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. பாதி வழிக்கு மேல் ஒரு கல்யாண மண்டபத்தைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. காலடியில் நாலு ஆசிட் பேட்டரி. எதிர்க்காற்றில் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கனம் தெரியும். முந்நூறு அடி தள்ளியிருப்பேன், அழுகை வந்துவிட்டது. வத்திராயிருப்பிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை வேன் ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து வண்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னக்கா, ஆடியில சார்ஜ் வண்டிய எதிர்க்காத்துல ஓட்டிட்டு வாரீக. செத்துல போவும்?"

நானும் வீட்டுக்காரரும் பத்து நாள் பேசியதில் விட்டுப்போன விஷயத்தை அவர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். தேங்காய்க்கு மேலே வண்டியை ஏற்றிக் கட்டி, என்னை முன்னால் உட்கார வைத்து, கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

மறுநாள் நான் செய்த தப்பு, அந்தக் கதையைச் சமைக்க வரும் அக்காவிடம் போனில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. அவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். தினமும் போன் போட்டு விசாரிக்கும் அண்ணனிடமும் சொல்லியிருக்கிறார். மதியமே அண்ணன் கூப்பிட்டான்.

"நீயும் நடுரோட்டுல விழுந்து கெடந்தா ரெண்டு பேரையும் யாரு பாக்குறது? எதுக்கு இந்தப் பாடு? நான் அடுத்த மாசமே வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

"கிறிஸ்துமஸ்னு சொன்னா கிறிஸ்துமஸ்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு கம்பெனி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பயமாக இருந்தது. அவன் சொல்வதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் பயம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் மாடிப்படியில் ஒரு தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் தலையைத் தூக்காமல் பேசினார்.

"போகும்போது காத்து தள்ளிருக்கு. நான் அத யோசிக்கல. தப்பு என்மேலதான்."

இருபது வருடத்தில் இந்த வாசகத்தை முதல் தடவையாகக் கேட்கிறேன். வேறு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்கு வைத்துக் கொண்டாடியிருப்பேன். அன்றும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

"அங்க மாமா கூட எம்புட்டு நேரம் இருப்ப?"

"ஒண்ணரை, ரெண்டு மணி நேரம்."

"ஆசிட்டு ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் ஏறாது. முழுசா ஏற எட்டு மணி நேரம் வேணும். கழட்டி உள்ள கொண்டுபோவவும் முடியாது. லித்தியத்தக் கழட்டி உள்ள வச்சு ரெண்டு மணி நேரம் போட்டன்னா பாதி ஏறிரும். சின்ன பேட்டரி போதும். காத்து அடிச்சாலும் வந்துருவ."

அதுவரை நாங்கள் எந்த பேட்டரி பெரிது, எது எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டிருக்க வேண்டியது வேறு. அப்பா பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குள் எந்த பேட்டரி ஏறும்? அதற்குப் பதில் ஒன்றுதான்.

கூடுதல் விலைக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். இன்வெர்ட்டருக்குப் புதிய பேட்டரி வாங்க ஒதுக்கியிருந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றார். "நம்ம வீட்டுது இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்." அது ஓடாது. போன முறை கரண்ட் போனபோது கால் மணி நேரத்தில் கூவத் தொடங்கிவிட்டது. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவர் கையிலிருந்த தாளை வாங்கி மடித்து வைத்தேன்.

லித்தியத்திலும் இரண்டு ரகம் இருக்கிறது என்று கடைப் பெண் சொன்னாள். ஒன்று இன்னும் லேசானது. இன்னொன்று, இரும்பு கலந்த பாஸ்பேட், கொஞ்சம் கனம். வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், சூட்டை எது தாங்கும் என்று. எங்கள் கம்பெனியில் வண்டி நிறுத்துமிடம் தகரக் கொட்டகை. சித்திரையில் அதற்குக் கீழே பத்து நிமிடம் நின்றால் எனக்கே மயக்கம் வரும். இரும்பு ரகத்தையே எடுத்தோம். பத்துக் கிலோ அரிசிப் பை கனம்தான், கைப்பிடி இருந்தது. ஞாயிறன்று போதகர் சர்ச் வாசலில் வண்டிக்காக ஜெபம் பண்ணி ஆமென் சொல்லப் போகும் நேரத்தில் வீட்டுக்காரர் சீட்டைத் தூக்கி, "பேட்டரிக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்கய்யா" என்றார். போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகு அப்பா வீடு போய்ச் சேர ஒரு நாளும் ஐந்தரை தாண்டியதில்லை. அப்பா வீட்டில் நுழைந்ததும் முதல் வேலை, பேட்டரியைக் கழற்றி மூன்று படி ஏறி, வாசல் பக்கத்து மேசையில் வைத்துச் சார்ஜில் போடுவது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும். அப்பா கட்டிலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இது ஏறலன்னா என்ன செய்வ?" என்று ஒரு நாள் கேட்டார்.

"வழியில நின்னுரும்ப்பா. தேங்கா வண்டி வருதான்னு பாக்க வேண்டியதுதான்" என்றேன். விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஆவணி போனது, புரட்டாசி போனது. நடந்தோம், ஆனால் எல்லாம் என் கையைப் பிடித்துத்தான். கையை விட்டால் அப்படியே நின்றுவிடுவார். காலண்டரில் கிறிஸ்துமஸ் வரை மிச்சமிருந்த வாரங்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். நடுவில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. நான் இரவுச் சாப்பாடு செய்ய அடுப்படிக்குப் போய்விட்டு வந்தால், அப்பா அறையில் ஃபேன் நின்றிருக்கும். அப்பாவின் பனியன் வேர்வையில் நனைந்திருக்கும். கேட்டால் "கரண்டு போச்சு" என்பார். பக்கத்திலேயே சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஃபேன்தான் கெட்டுவிட்டது என்று வீட்டுக்காரரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் ஸ்டூலில் ஏறி எல்லாம் பார்த்துவிட்டு, ஃபேன் நன்றாக இருக்கிறது என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் தோசை மாவில் உப்பு போட்டேனா என்று சந்தேகம் வந்து, கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றார். கூப்பிடப் போன வாயை மூடிக்கொண்டேன். சுவரில் இடது கையை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து, எட்டு எட்டு வைத்தார். சுவிட்ச் போர்டு முன்னால் நின்று, வலது கையை இடது கையால் முழங்கையில் தாங்கித் தூக்கி, ஒரு விரலால் ஃபேன் சுவிட்சை அழுத்தினார். சார்ஜரை ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு அதே சுவரைப் பிடித்துத் திரும்பிப் போய் உட்கார்ந்து, எதுவும் நடக்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அப்பா வீட்டுத் தெருவில் முன்பெல்லாம் வோல்டேஜ் பற்றாது. ஒரு வீட்டில் மோட்டார் போட்டால் பல்பு மஞ்சளாகிவிடும். தண்ணீர் ஏற வேண்டும் என்றால் ஃபேனையும் டிவியையும் நிறுத்திவிட்டு எல்லாரும் விசிறியோடு உட்காருவோம். அப்பாவுக்குக் கரண்ட் என்றால் இன்னமும் அதுதான். ஃபேன் குடிக்கிற கரண்டையும் சேர்த்து என் பேட்டரிக்குக் கொடுத்துவிட்டு வேர்வையில் உட்கார்ந்திருக்கிறார், நான் வழியில் நின்றுவிடக் கூடாதென்று. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். தோசை கருகியது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது அப்பாவே நேராகக் கேட்டுவிட்டார்.

"மாப்ள, நீங்க சொல்லுங்க. ஃபேன நிறுத்துனா பேட்டரி வெரசா ஏறும்லா?"

மின்சாரத்தைப் பற்றி யாராவது தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எழுந்து நின்று திருத்துகிற மனிதர் இவர். என்னைப் பார்த்தார். அப்பாவின் காலைப் பார்த்தார்.

"ஆமா மாமா. ஃபேன நிறுத்தித்தான் ஆவணும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாத்ரூம் லைட்டு எரிஞ்சாலும் இழுக்கும். அதையும் பாத்துக்கிடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "இப்படி ஒரு பொய்ய நான் சொன்னதே இல்லட்டி" என்றார். நான் அவருக்கு இரண்டு முட்டை போட்டுக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அப்பா வீட்டில் நுழைந்ததும் பாத்ரூம் லைட்டைப் போட்டுவிட்டு, அணைக்க மறந்தவளாக அடுப்படிக்குப் போவது என் வழக்கமானது. இரண்டு நாள் அவர் எழவில்லை. மூன்றாம் நாள் அடுப்படிக்கு வெளியே சுவரைத் தேய்த்துக்கொண்டு கை போகும் சத்தம் கேட்டது. "பொறுப்பில்லாத கழுத" என்று என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் காரில் வந்துவிட்டான். நான் ஐந்தரைக்குப் போனபோது அப்பாவின் இரும்புப் பெட்டி ஏற்கெனவே கார் டிக்கியில் ஏறியிருந்தது. அப்பா கட்டிலில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவர் முன்னால் நாற்காலி போட்டு, ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான். அப்பா நடப்பதைப் பற்றி நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் 'நடந்து காட்டுங்கப்பா' என்பான். அப்படிச் சொன்னால் அப்பா அசைய மாட்டார், அது எனக்குத் தெரியும். பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்துச் சார்ஜில் போட்டேன். பாத்ரூம் லைட்டைப் போட்டேன். அடுப்படிக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன்.

பிறகு அண்ணன் குரல் கேட்டது.

"அப்பா, எங்க எந்திரிக்கீக? என்ன வேணும், நான் எடுத்துத் தாரேன்."

ஓடிப் போனேன். அண்ணன் அப்பாவின் தோளைப் பிடிக்கக் கை நீட்டியிருந்தான். "விடுண்ணே" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, விட்டுவிட்டான். அப்பா எங்கள் இரண்டு பேரையும் சட்டை செய்யாமல் சுவரைப் பிடித்துப் போய் ஃபேனை அணைத்தார். அப்படியே பாத்ரூம் பக்கம் திரும்பினார். உள்ளே போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. லைட்டை அணைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

அண்ணன் நின்றுகொண்டே இருந்தான். "ஏன்ப்பா ஃபேன நிறுத்துனீக?" என்றான்.

"பேட்டரி ஏறுதுல்லா. அவ வீடு போய்ச் சேரணும்ல" என்றார் அப்பா.

"ஃபேனுக்கும் பேட்டரிக்கும் என்னப்பா..." என்று இன்ஜினியர் தொடங்கினான். என்னைப் பார்த்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று. அவன் அப்பாவின் வலது காலைப் பார்த்தான், சுவரில் அவர் கை பட்டுப் பட்டு அழுக்கேறிய நீளக் கோட்டைப் பார்த்தான். பிறகு சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தான். முகத்தைத் துடைத்தான். வேர்வையைத்தான் துடைக்கிறான் என்று நானும் அப்பாவும் நினைத்துக்கொண்டோம்.

நான் கிளம்பும் நேரம் வந்ததும் பேட்டரியை அண்ணனே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று கேட்டு வைத்தான். சீட்டை மூடிவிட்டு, கார் டிக்கியைத் திறந்து இரும்புப் பெட்டியை இறக்கினான். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நான் ஹெல்மெட்டை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு அருகில் நின்றேன்.

உள்ளே அப்பா சொல்வது கேட்டது. "ஏலே, அவ கெளம்பிட்டா. இனி ஃபேனப் போட்டுக்கோ."

அண்ணன் குரல் வந்தது. "எந்த சுவிட்சுன்னு எனக்குத் தெரியலப்பா. நீங்களே வந்து போட்டுவிடுங்க."

கட்டில் கிரீச்சிட்டது. நான் வண்டியைக் கிளப்பினேன்.